கோலமாவு போட்ட குவியல்

சாப்பாட்டு நேரத்தில் அந்த அக்கா வருகிறார் என்றால் நாங்கள் டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் மறைத்துக்கொள்வோம். மறைத்து என்ன பயன்? பக்கத்தில் வந்து நின்று, "இன்னா வெச்சிக்கீறே?" என்று கேட்டுக்கொண்டே மூடியைத் தூக்கிவிடுவார். எடுத்துச் சாப்பிட மாட்டார். ருசி பார்க்க மாட்டார். நெத்திலிக் குழம்பா, சரி. மூடியை அழுத்தி மூடிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். புதிதாகச் சேர்ந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் முதல் நாளே கோபித்துக்கொண்டு சோற்றைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். "கோச்சிக்கினு போறான் பாரு. உள்ள இன்னா கீதுன்னு தெரியாம எனக்கு எப்டிச் சோறு எறங்கும்?" என்றார் அக்கா. அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே எங்களுக்கும் பட்டது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்கிற ஒரு சின்ன ஆலையில் நாங்கள் வேலை பார்த்தோம். நான் லேபில். உருகிய இரும்பில் ஒரு துளி சாம்பிள் எடுத்து வந்து கொடுப்பார்கள். அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அக்கா ஸ்கிராப் யார்டில். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் நாங்கள் குடியிருக்கும் கவரைப்பேட்டைப் பக்கம் பாதிப் பேருக்கு யார் என்று தெரிந்துவிடும், அவருக்கு அது பிடிக்காது. என்னைப் பற்றி அவர்கள் தெரிந்துகொள்வது எனக்கும் பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

லாரியில் வந்து கொட்டுகிற பழைய இரும்பில் என்ன வேண்டுமானாலும் இருக்கும். பீரோ கதவு, சைக்கிள் பார், பம்புசெட், பைக் ஷாக் அப்சார்பர், கேஸ் சிலிண்டர், இரண்டு முனையும் நசுங்கிய பைப். திறந்திருக்கிற சாமான் உலைக்குள் போகலாம். மூடின சாமான் போகக் கூடாது. உள்ளே ஒரு மடக்குத் தண்ணீர் அடைபட்டிருந்தால் போதும், கொதிக்கிற இரும்பில் விழுந்த கணம் வெடிக்கும். உலை வாயில் நிற்கிற ஆட்கள் மேல் உருகின இரும்பு தெறிக்கும். அதனால் அக்கா ஒவ்வொரு குவியலையும் கிளறி, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்து, மூடினதை எல்லாம் பொறுக்கி ஓரத்தில் போடுவார். கேஸ் கட்டர் ஆள் வந்து அவற்றை அறுத்துத் திறப்பார்.

ஒரு குவியலைப் பார்த்து முடித்ததும், புடவைக்கு மேலே போட்டிருக்கும் காக்கிச் சட்டைப் பையிலிருந்து கோலமாவு டப்பாவை எடுத்துக் குவியலைச் சுற்றி ஒரு கோடு இழுப்பார். இந்த வழக்கம் எந்த ஆலையிலும் இருப்பதாகத் தெரியவில்லை; அக்கா தானாகக் கண்டுபிடித்தது. சாக்பீஸ் துருவில் பிடிக்காது, பெயிண்ட் கேட்டால் ஸ்டோரில் தர மாட்டார்கள், கோலமாவு வீட்டிலேயே இருக்கிறது. மேலே கிரேனில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வெள்ளைக் கோடுதான் உத்தரவு. கோடு போட்ட குவியலில் மட்டும்தான் இரும்பை அள்ளும் மேக்னட் இறங்கும். அக்கா வந்ததிலிருந்து மூடின சாமான் ஒன்றுகூட உலைக்குள் போனதில்லை. அவருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். பட்டுப்புடவையோ, படித்த பிள்ளையோ, சொந்த வீடோ எதைப் பற்றியும் அவர் பெருமை பேசிக் கேட்டதில்லை. "நான் பாத்தா பாத்ததுதான்" என்பார், அவ்வளவே.

லாரி டிரைவர்கள் அவரைத் திட்டித் தீர்ப்பார்கள். வரிசையில் ஆறு வண்டி நிற்கும்போது இவர் ஒரு ஷாக் அப்சார்பரைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? "உன்னால எங்களுக்கு டெய்லி பேஜாரும்மா" என்று கத்துவார்கள். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற பார்வையைப் பார்த்துவிட்டு டிரைவர்கள் டீக்கடைக்குப் போய்விடுவார்கள்.

வேலையில் மட்டும் இப்படி என்றால் பரவாயில்லை. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் தட்டைக் கீழே வைக்கும் முன்பே ஸ்வீட் பெட்டியைத் திறந்து பார்த்தவர் இவர் என்று அவர் வீட்டுக்காரரே சொல்லியிருக்கிறார். "பாதுஷா" என்று சபையில் எல்லாருக்கும் அறிவித்தாராம். ஒருமுறை காலை ரயிலில், பொன்னேரியில் ஏறிய ஒரு பெரியவர் துணி போட்டு மூடிய கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கவரைப்பேட்டையில் ஏறிய அக்கா கொஞ்ச நேரம் பொறுத்தார். கும்மிடிப்பூண்டி வருவதற்குள் துணியைத் தூக்கிவிட்டார். உள்ளே கண் திறக்காத நாய்க்குட்டிகள் நாலு. பெரியவர் திட்டவில்லை, ஒரு குட்டியை எடுத்து அக்கா கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அது இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது, குரைக்காமல் எல்லாரையும் மோந்து பார்க்கும்.

எங்களுக்கு ஒரு நாவல் கிடைத்ததும் இந்தக் குணத்தால்தான். ஒரு லாரிக் குவியலில் துருப்பிடித்த டிரங்குப் பெட்டி ஒன்று வந்தது. பூட்டு இறுகிப்போயிருந்தது. தூக்கினால் கனமில்லை. கேஸ் கட்டர் ஆள், "காலிக்கா, அப்டியே நசுக்கிடலாம்" என்றார். "காலின்னு நீ உள்ள போய்ப் பாத்தியா?" என்று கேட்டார் அக்கா. கீலை அறுத்தார்கள். உள்ளே ஒரு குழந்தைச் சட்டை, உடைந்த கண்ணாடி, அட்டை இல்லாத ஒரு தடிமனான புத்தகம். சட்டையை மடித்து ஓரமாக வைத்தார். புத்தகத்தைப் பிரித்து அங்கேயே நின்று படிக்க ஆரம்பித்தவர், பின்னால் லாரி ஹாரன் அடித்தும் நகரவில்லை. யார்டில் லாரி காத்திருக்க அவர் வேறு ஏதோ செய்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

ஒன்பதாவது வரை படித்தவர். வரிக்குக் கீழே விரல் வைத்துத்தான் படிப்பார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் எல்லாரையும் உட்காரவைத்து உரக்க வாசித்தார். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம். எழுதியவர் யார், நாவல் பேர் என்ன என்று தெரிந்துகொள்ள வழியில்லை. முன்பக்கங்கள் போயிருந்தன, கதை முழுதாக இருந்தது.

ஒரே ஊரில் எதிரும் புதிருமாகக் கொட்டகை போட்டிருக்கும் இரண்டு மேஜிக்காரர்களின் கதை. ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. நெட்டையரின் பேர்போன வித்தை அண்டா வித்தை. காலி அண்டாவை மேடையில் வைத்து, கூட்டத்திலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்வார், கவிழ்த்துப் பார்க்கச் சொல்வார், உள்ளே தலையை விட்டும் பார்க்கச் சொல்வார். அவர்கள் காலிதான் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார்கள். மூடி போடுவார், ஏதோ பேசுவார், மூடியைத் திறந்தால் அண்டா நிறைய நெல். எதிர்க்கொட்டகைக் குட்டையருக்கு இது எப்படி என்று புரியவில்லை. தூக்கம் போய்விடுகிறது. தன் ஆட்டத்தை விட்டுவிட்டு, தினம் ஒரு வேஷம் போட்டுக்கொண்டு நெட்டையர் கொட்டகையில் முன்வரிசையில் போய் உட்காருகிறார். ஒருநாள் போலீஸ்காரர், ஒருநாள் கிழவி, ஒருநாள் சோடா விற்பவர்.

எங்கள் ஆட்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். உலைக்காரர்கள் எல்லாம் நெட்டையர் கட்சி. ரோலிங், லேப், எலக்ட்ரிகல் எல்லாம் குட்டையர் கட்சி. நான் குட்டையர் கட்சியில் தீவிரம். கண்டுபிடிக்க முடியாத ஒன்றின் எதிரில் தினமும் போய் உட்கார்ந்திருக்கிற அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. அக்கா எந்தக் கட்சியும் இல்லை.

"எவன் ஜெயிச்சா எனக்கு இன்னா? அந்த அண்டாவுல நெல்லு எப்டி வந்துச்சு? அதச் சொல்லச் சொல்லு."

"கடைசிப் பக்கத்தப் புரட்டிப் பாத்துடேன்க்கா," என்றேன். இவராவது புரட்டாமல் இருப்பதாவது என்று எங்களுக்கெல்லாம் ஆச்சரியம்.

"புஸ்தகம் இன்னா மூடியா கீது? நான்தான் தெனம் தெறந்துக்கினே போறேனே," என்றார்.

ஆனால் அண்டா விஷயம் அவரை விடவில்லை. ஒரு சனிக்கிழமை கேன்டீன் மாஸ்டரிடம் சோறு வடிக்கிற அண்டாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கேஸ் கட்டர் ஆளை வைத்துத் தகரத்தில் ஒரு வட்டம் அறுத்து, அண்டாவுக்குள் பாதி உயரத்தில் அடித்தட்டு மாதிரிப் பொருத்திப் பார்த்தார். கீழே நெல் இருந்தால் தட்டும்போது சத்தம் மாறும் என்று கண்டுபிடித்தார். பிறகு மூடியிலேயே நெல் இருக்குமோ என்று மூடியை வளைத்தார். மாஸ்டர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை எங்களுக்கெல்லாம் சோற்றில் துருவாடை. ஒருவரும் அக்காவைத் திட்டவில்லை, எல்லாருக்கும் அந்தக் கேள்வி தொற்றிக்கொண்டிருந்தது.

அப்போது ஆரம்பித்ததுதான் எங்கள் விளையாட்டு. யார் ஆரம்பித்தது என்று கேட்டால் நான் என்றுதான் நினைவு. அக்கா பார்ப்பதற்கு முன், கொட்டின குவியலுக்குள் நாங்கள் ஒரு மூடின சாமானை ஒளித்து வைப்போம். அக்கா கண்டுபிடித்துவிட்டால் ஜெயித்த நெட்டையர் அவர், தோற்ற குட்டையர் நாங்கள். முதலில் பெயிண்ட் டப்பா. அப்புறம் பழைய பிளாஸ்க்கின் இரும்பு உறை. அப்புறம் சைக்கிள் பம்பு, முனையில் எம்-சீல் போட்டு அடைத்து, மேலே துருவைத் தூவி. எல்லாவற்றையும் எடுத்தார். எடுத்ததும் அதைக் கையில் தூக்கிக் காட்டி, "லேபு, உன் வேலதான இது?" என்பார். என்னை லேபு என்றுதான் கூப்பிடுவார். யார் ஒளித்தது என்பதுகூடத் தெரிந்துவிடும். அவருக்கு அதில் வந்த சந்தோஷத்தைச் சும்மா சொல்லக் கூடாது, குழந்தைபோலச் சிரிப்பார்.

ஒரே ஒரு சட்டம் போட்டார். "நான் பாக்கறதுக்கு முன்ன எதுல வேணா ஒளிச்சுக்கோங்க. கோடு போட்டப்புறம் கை வெக்கக் கூடாது. கோட்டுக்குள்ள வெளாட்டு இல்ல. கர்த்தர் மேல ஆணையாச் சொல்லுங்கடா." எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

புத்தகம் யார்டில் புழுதியாகும் என்று என் லேப் டிராயரில் வைத்திருப்போம். நாவலில் நாலு அத்தியாயம் பாக்கி இருந்தபோது ஒரு மதியம் லேபில் வேலை இல்லை. டிராயரைத் திறந்தேன். அக்கா புரட்டாத கடைசிப் பக்கங்களை நான் புரட்டினேன். குட்டையர் கண்டுபிடித்துவிடுகிறார். அண்டாவில் சூட்சுமம் ஒன்றுமே இல்லை. அந்த நாலு பேரும் பார்த்தபோது அது உண்மையிலேயே காலி அண்டாதான். அவர்கள் பார்த்துவிட்டுப் படியிறங்கும்போது தினமும் ஒருவர் கால் தடுக்கி விழுவார், கூட்டம் முழுக்க அவரைப் பார்க்கும், அந்த நேரத்தில் அண்டாவையே மாற்றிவிடுவார்கள். பார்த்து முடித்த பொருளை யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. விஷயம் அவ்வளவுதான்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்றது. உடனே அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இத்தனை நாள் தோற்ற குட்டையர் கட்சிக்காரன் நான், செய்து காட்டத்தான் தோன்றியது. அன்று சாயங்கால ஷிஃப்டுக்கான குவியலைப் பார்த்து முடித்துக் கோடு போட்டுவிட்டு, அக்கா கை கழுவப் போனார். அவரே பொறுக்கி ஓரத்தில் போட்டிருந்த மூடின சாமான்களிலிருந்து, இரண்டு முனையும் நசுங்கிய ஒரு முழ நீளப் பைப்பை எடுத்தேன். கோட்டைத் தாண்டி உள்ளே போய் ஒரு பீரோ கதவுக்கு அடியில் செருகினேன். கோலமாவில் என் பூட்ஸ் தடம் விழுந்தது, அதையும் காலால் சரிசெய்துவிட்டு வந்தேன். அக்கா திரும்பி வந்ததும் கையைப் பிடித்து இழுத்துப் போய், "பாத்தா பாத்ததுதானா? இது இன்னா?" என்று எடுத்துக் காட்ட வேண்டும். அதோடு அண்டா ரகசியமும் சொல்லிவிட வேண்டும். அவர் முகம் எப்படி மாறும் என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

லேபில் போன் அடித்தது. சாம்பிள் வந்திருக்கிறது, அவசரம். ஐந்து நிமிஷ வேலை. அந்தக் குவியல் உலைக்குப் போக இன்னும் அரை மணி ஆகும் என்று எனக்குத் தெரியும். அன்று பக்கத்துக் குவியலில் ஈரம் அதிகம் என்று கிரேன்காரர் இதைத்தான் முதலில் எடுத்தார் என்பது தெரியாது. நான் சாம்பிளை மெஷினில் வைத்துக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. லேப் ஜன்னல் கண்ணாடி உடைந்து மேஜை மேல் விழுந்தது.

உலை மேல் கூரைத் தகடுகள் பறந்திருந்தன. உலை வாயில் நின்றவர்களில் மூன்று பேர் ஒதுங்கிவிட்டார்கள். நாலாவது ஆள் ஒடிசாக்காரர், நெட்டையர் கட்சியில் பெரிய ஆள். தமிழ் சரியாக வராது, ஆனால் அக்கா வாசிக்கும்போது பக்கத்தில் இருப்பவரை இடித்து இடித்துக் கேட்டுப் புரிந்துகொண்டு, நெட்டையர் ஜெயிக்கிற இடத்தில் முதலில் கை தட்டுவது அவர்தான். அவருடைய வலது கை, முழங்கையிலிருந்து விரல் வரை வெந்துபோயிருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் விசாரணை. மூடின சாமான்தான் போயிருக்கிறது, அது தெளிவு. யார் பார்த்த குவியல் என்று கேட்டார்கள். "நான் பாத்ததுதான். என் கோடுதான்," என்றார் அக்கா. விசாரணைக்கு உள்ளே போவதற்கு முன் எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வந்து கேட்டிருந்தார். என்னிடமும் வந்தார்.

"லேபு, நேத்து யாராச்சும் கோட்டுக்குள்ள வெளாண்டீங்களா? உண்மையச் சொல்லு நைனா. நான் திட்ட மாட்டேன்."

எனக்கு வேலை நிரந்தரம் ஆகிற ஆர்டர் அந்த மாதம் வரவேண்டியது. அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வெறும் பயம். "இல்லக்கா," என்றேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். மூடின பெயிண்ட் டப்பாவைப் பார்த்து யார் வைத்தது என்று சொல்கிறவர் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஆணையிட்டுச் சொன்னவன் மீறமாட்டான் என்று நம்பிவிட்டார்.

யார்டுக்கு ஆள் வைக்கிற காண்டிராக்டர் அவரை நிறுத்தவில்லை, இதைச் சொல்லியே ஆகவேண்டும். பத்து நாள் கழித்து ஆளனுப்பி வரச் சொன்னார். அக்காதான் வரமாட்டேன் என்றுவிட்டார். "என் கண்ணு பூட்ச்சு. இனிமே நான் பாத்தா எவனாவது சாவான்," என்று சொன்னாராம். எனக்கு ஆர்டர் வந்தது. நாவலை மீதி படிக்க யாரும் கேட்கவில்லை.

மூன்று வருடம் ஓடிவிட்டது. அவர் பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவதாகக் கேள்விப்பட்டேன். அவர் கண்ணில் படாமல் இருக்க, ஸ்டேஷனில் பிளாட்பாரத்தின் கடைசியில் போய் நிற்கப் பழகிக்கொண்டேன். போன மாதம் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் அவர் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஆட்டோ ஓட்டுகிறவர், மாமா என்றுதான் கூப்பிடுவேன். நலம் விசாரித்தேன். விசாரித்திருக்க வேண்டாம்.

"இன்னாத்தச் சொல்றது? ஊட்டப் பூட்டிக்கினு ஸ்டேஷன் வரிக்கும் வருது. வந்து நின்னுக்கினு, கேஸ மூடினேனானு கேக்குது. மூடினம்மா, நானே பாத்தேன்னு சொன்னாலும் நம்பாது. திரும்ப ஊட்டுக்குப் போயி பாத்துட்டு வருது. டெய்லி ரெண்டு தபா, மூணு தபா. ரயிலு பூடுது. அரிசில கல்லு பாக்கச் சொன்னா என்னக் கூப்டுது. தன் கண்ணால பாத்தத ஒண்ணுகூட அதால நம்ப முடியல," என்றார் மாமா. "டாக்டர்ட்டகூட இட்டுக்கினு போனேன். கண்ணு நல்லாதான் கீதுன்றாரு."

அன்று முழுக்க எனக்குச் சாம்பிளில் எண்கள் ஓடவில்லை. அவருடைய வேலையைத்தான் பறித்தேன் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பறித்தது வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச் விட்டு வந்திருப்பார் என்று தெரிந்து, அவர் வீட்டுக்குப் போனேன்.

நாய் வந்து மோந்து பார்த்தது. அக்கா மெலிந்திருந்தார். "வா லேபு. இன்னா திடீர்னு?" என்று நாற்காலி போட்டார். மாமா உள்ளே கறி நறுக்கிக்கொண்டிருந்தார். உட்காராமலே சொல்லிவிட்டேன். முன்னுரை எல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை. "அந்தப் பைப்ப வெச்சது நான்தான்க்கா. நீ கோடு போட்டப்புறம் வெச்சேன்."

கத்துவார் என்று நினைத்தேன். அறைவார் என்றுகூட நினைத்தேன், அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேட்டது இது: "எங்க வெச்ச?"

"பீரோ கதவுக்கு அடில."

"பச்சக் கலர் கதவா? ஒரு பக்கம் கண்ணாடி ஒடஞ்சது?"

"ஆமாக்கா."

"அது அடில நான் கைய விட்டுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. பைப்பு எங்கேர்ந்து எடுத்த?"

"நீ ஒதுக்கிப் போட்டதுலேர்ந்துதான்."

"கோட்ட எப்டித் தாண்டின? தடம் இல்லியே. நான் அப்புறம் வந்து கோட்டப் பாத்தேனே."

காலால் சரிசெய்ததைச் சொன்னேன். போன் வந்ததைச் சொன்னேன். நாவலின் கடைசியில் அண்டாவை எப்படி மாற்றினார்கள் என்பதையும், அதைப் படித்துவிட்டுத்தான் செய்தேன் என்பதையும் சொன்னேன். ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். நான் எங்கே நின்றேன், எந்தக் கையால் செருகினேன், எவ்வளவு ஆழம். அந்த யார்டை அவர் மனதுக்குள் மறுபடி கிளறிக்கொண்டிருப்பது தெரிந்தது. 

"அப்போ நான் உடல," என்றார்.

"இல்லக்கா. நீ விடல."

எழுந்து சமையலறை வாசலுக்குப் போனார். "யோவ், நான் உடலயாம்யா. நான் பாத்தப்போ அது அங்க இல்லியாம்," என்றார். மாமா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, எதுவும் புரியாமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் அழுகை வந்தது. மன்னித்துவிட்டார் என்று அந்த நேரத்தில் நினைத்தேன், அப்படி நினைத்ததைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவர் திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை.

"மூணு வருஷம்டா. நான் கேட்டேன் இல்ல? உன் மூஞ்சப் பாத்துக் கேட்டேன் இல்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்ன உடு. கை வெந்தானே, அவன்?" என்றார். அலமாரியிலிருந்து போனை எடுத்தார். "மாசாமாசம் மொத ஞாயித்துக்கெழம நான் அவனுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேக்கறேன். எனக்கு இந்தி வராது. 'மாஃப் கரோ, மாஃப் கரோ'ன்னு அது ஒண்ணுதான் கத்துக்கினேன். பாவம் அவன், உன் தப்பு இல்லக்கான்னு எனக்குச் சமாதானம் சொல்லுவான். இன்னிக்கு இன்னும் போடல."

நம்பரைத் தட்டி என் கையில் வைத்தார். "நீ சொல்லு."

ரிங் போனது. ஒடிசாவில் ஏதோ ஒரு ஊரில், வெந்த கைக்குப் பதில் இடது கையால் ஒருவர் போனை எடுக்க வேண்டும், அதனால் கொஞ்ச நேரம் ஆகும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அக்கா எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் போனை எடுத்துவிட்டார்.

"அக்கா," என்றது அந்தக் குரல், நான் வாயைத் திறக்கும் முன்பே. "கை நல்லா கீது அக்கா. நீ அழாத."

"அக்கா இல்ல," என்றேன். "லேப்ல இருந்தேனே, நான்."